தும்புத்தடியும் வெல்லும் தொகுதி

சவுத்தாலில் மாமா வீட்டை விட்டு வடமேற்கு லண்டனில் ஓர் அறைக்கு நான் குடிபோனதற்கு ஒரே காரணம், அந்தத் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. சிரிக்க வேண்டாம். அகதிகளாய் வந்த எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் வீடு பார்த்தார்கள். ஒரு எம்.பி. தன் தொகுதியில் குடியிருப்பவர்களுக்காக மட்டும்தான் அரசாங்கத்திடம் பேசுவார். ஆகவே முதலில் எம்.பி. யார், அடுத்த தேர்தலில் விழுவாரா என்று விசாரிப்போம். ஸ்டேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் பிறகு.

"சிவப்புக் கட்சிக்காரன் சொல்லி நீலக் கட்சி அரசாங்கம் கேக்குமோ?" என்றார் மாமா. சவுத்தால் லேபரின் சிவப்பு; ஆட்சியிலிருந்த கன்சர்வேட்டிவ் நீலம். "அங்கை கூட்டுற தும்புத்தடிக்கு நீலத்துணி கட்டி நிப்பாட்டினாலும் வெல்லும். அங்கை போ பிள்ளை."

என் கணவர் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார். கொழும்பில் சுற்றிவளைப்பு நடக்கும்போதெல்லாம் பிடிபட்டு, பொலிஸில் இருந்துவிட்டு வருவார். அவரை இங்கே கூப்பிட எனக்கு அனுமதி மறுத்திருந்தார்கள். அதை மாற்றத்தான் விழாத எம்.பி. ஒருவர் வேண்டும்.

சனிக்கிழமை காலைகளில் அந்த எம்.பி. ஆட்களைச் சந்திப்பார். வரிசையில் பாதி எங்கள் சனம். எண்பதுகளில் வெள்ளைக்காரர் மட்டும் இருந்த தெருக்கள் அவை. அவர்கள் விற்றுவிட்டு வெளியே போகப் போக, நாங்கள் வந்து நிறைந்தோம். எம்.பி. மரியாதையான மனிதர். தேர்தல் முடிந்ததும் அமைச்சரிடம் நேரில் பேசுவதாகச் சொன்னார். இவர் எங்கே விழப்போகிறார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். என்ன மடைத்தனம்!

பிரஜாவுரிமை இல்லாவிட்டாலும், கொமன்வெல்த் நாட்டவர் என்பதால் எங்களுக்கு வாக்கு இருந்தது. தொண்ணூற்றேழு தேர்தலன்று வீட்டுக்கார அக்காவோடு போனேன். அவருடைய மகனின் விசா விஷயமும் இதே எம்.பி.யிடம்தான் இருந்தது.

"ஆருக்கக்கா போட்டனீங்கள்?"

"சிவப்புக்குத்தான். அகதியளுக்கு எத்தினை சட்டம் கொண்டுவந்தவங்கள்! நாசமாய்ப் போகட்டும்."

"அப்ப எங்கடை எம்.பி.?"

"அவர் எப்பிடியும் வெல்லுவார் பிள்ளை. என்ரை ஒரு வோட்டாலை என்ன குறையப்போகுது?"

கடையிலும் கோவிலிலும் கேட்டுப் பார்த்தேன். எல்லோரிடமும் இதே பதில்தான். ஐயோ, என்ன சனமப்பா இது! நான் மட்டும், எங்களை விரும்பாத கட்சி என்று தெரிந்தே, கணவரை நினைத்துக்கொண்டு நீலத்துக்குப் புள்ளடி போட்டிருந்தேன்.

விடிந்தபோது எம்.பி. தோற்றிருந்தார். எங்களால் மட்டும் என்று சொல்லமாட்டேன். நாடு முழுக்க அசையாது என்றிருந்த நீலத் தொகுதிகள் அன்று சரிந்தன. புது எம்.பி. அன்பாகத்தான் பேசினார். ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார்.

அதைக் கணவருக்குப் போனில் சொன்னேன்.

"எனக்கு இனி இந்த லொட்ஜிலை இருக்க ஏலாதப்பா. சண்டை நடந்தாலும் பரவாயில்லை, நான் வன்னிக்குப் போறன்."

"கொஞ்சம் பொறுங்கோ."

"எத்தினை வருசம் பொறுத்தாச்சு."

பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் விசா கிடைத்தது. லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். எங்கே என்று சொல்லாமலே போய்விட்டார் என்றார்கள்.

அக்காவின் மகனுக்கும் அப்போதுதான் கிடைத்தது. ஹீத்ரோவுக்கு நானும் போனேன். அவன் வெளியே வந்த பிறகும் நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.