இடது காது

லாப்ரடார் வளர்ப்பது என்றால் என்னவென்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நான் கே.கே. நகரிலிருந்து சாந்தோமுக்கு வாழ்க்கைப்பட்டே வந்திருக்க மாட்டேன். வீடெல்லாம் முடி, சாம்பாரில்கூட முடி. எவ்வளவு போட்டாலும் பஞ்சத்தில் அடிபட்ட மாதிரி தட்டை நக்கும். வெயில் தாங்காது, ரோடு ஆறினால்தான் வெளியே கூட்டிப்போகலாம். தண்ணீரைக் கண்டால் பைத்தியம். எதையாவது கவ்விவந்து நம் காலடியில் வைக்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. ஆனால் முட்டையைக் கவ்வினாலும் உடையாது, அவ்வளவு பதமான வாய்.

நாய் என் மாமனாருடையது. சாயங்காலமானால் அவர் செருப்பைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைக்கும். இருவரும் கடற்கரைக்குப் போவார்கள். அது அலையில் ஆடிவிட்டு வந்ததும், தோளில் கிடக்கும் துண்டால் அதன் காதுகளைத் தூக்கித் துடைத்துவிடுவார்.

ஒரு மத்தியானம் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாற்காலி மட்டும் ஹால் மூலையில் அப்படியே கிடந்தது.

என் மாமியார் ரிட்டயர்டு டீச்சர். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை, மாதா கோயிலுக்குக்கூட. ஏழு மணி ஜெபமாலை மட்டும் நிற்கவில்லை. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முன்பாதியை அத்தை சொல்ல, பின்பாதியை மாமனார் சொல்வது அந்த வீட்டு வழக்கம். இப்போதும் அத்தை முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். பின்பாதி அளவுக்குச் சும்மா இருப்பார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். நான் வாயைத் திறந்தால் முறைப்பார்.

ஒரு நாள் அந்த இடைவெளியில் நாய் தலையைத் தூக்கியது. இடது பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காலி நாற்காலியையே பார்த்தது, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிற மாதிரி.

"வந்துட்டாரு," என்றார் அத்தை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். அந்த மூலையைப் பெருக்கவே நான் போவதில்லை. அத்தையோ பல மாசத்துக்குப் பிறகு இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு காலை, தலையைத் தடவும்போது நாய் வீலென்று கத்தியது. இடது காதைத் தூக்கினேன். உள்ளே செக்கச்செவேலென்று வீங்கி, புளித்த மாவு நாற்றம்.

"டாக்டர்கிட்ட போகணும் அத்தை."

"வேணாம். அவரு பேசுறதைக் கேக்குற காது அது. கை வைக்காதே."

வந்ததே எனக்குக் கோபம்! வாயில்லா ஜீவன் வலியில் துடிக்கிறது, இவருக்குப் பேச்சுத்துணையா? ஆட்டோ பிடித்தேன்.

"இன்னாம்மா, தலைய சாச்சிக்கினே கீது? எதையோ பாக்குதா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நீங்க ரோட்டைப் பாருங்கண்ணா."

அடையாறில் டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். "இந்த வலியிலதான் தலையைச் சாய்க்குது. தொங்குற காது, உள்ள காத்து போகாது. குளிச்சதும் ஈரம் துடைக்கணும். வீட்ல யாரும் துடைக்கிறதில்லையா?"

துடைக்கிறவர் கல்லறையில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வேன்? என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பைப்பால் நாய்க்குத் தண்ணீர் அடித்துவிடுவார், அதோடு சரி. மாமனார் இல்லாததால் வந்த வலியைத்தான் அவரே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

சொட்டு மருந்தில் காது ஆறியது. தலை நேரானது. ஏழு மணிக்கு நாய் குறட்டை விட்டுத் தூங்கியது. அத்தை இரண்டு பாதியையும் தானே சொல்லி முடித்துவிட்டு, தட்டைத் தள்ளிவைத்தார்.

"இவ்வளவு நாள் இருந்தாரு. நீ மருந்து ஊத்தி அனுப்பிச்சிட்ட. ஒரே புருஷனுக்கு ரெண்டு தடவை தாலியறுத்தவ நான்தான்."

சமையலறைக்குள் போய் அழுதேன். மறுநாள் மனசு கேட்காமல், "இப்பதான் தலையைச் சாய்ச்சான் அத்தை," என்றேன்.

"பசங்க பொய்யைக் கேட்டே ரிட்டயர் ஆனவ நான். போடி."

நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தார். இவரும் போய்விடுவாரோ என்று எனக்கு ஒரே பயம்.

ஒரு சாயங்காலம் நாய் ஒரு செருப்பைக் கவ்விவந்து அத்தை காலடியில் வைத்தது. அத்தையுடையதுதான், ரேக்குக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. திரும்பிப் போய் அதன் ஜோடியையும் கொண்டுவந்தது. அத்தை அதையே வெகுநேரம் பார்த்தார்.

"என்னைக் கூப்பிடுறாரு."

கூப்பிடுகிறார் என்றால் எங்கே? "நாய்க்கு வாக்கிங் போகணும், வேற ஒண்ணுமில்ல," என்றேன். அதற்குள் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கையைப் பிடித்தபடி கூடவே போனேன். கடற்கரையில் இருட்டிக்கொண்டு வந்தது. மாமனார் எப்போதும் உட்காருகிற இடத்தில் நாய் நின்றது. தண்ணீர்ப் பைத்தியம், அலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, வெறும் மணலைப் பார்த்துத் தலையை இடது பக்கம் சாய்த்தது.

அத்தை என்னைப் பார்த்தார். "காது?"

"ஆறிடுச்சு அத்தை. காலையிலகூட பார்த்தேன். சுத்தமா இருக்கு."

பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு மணலில் உட்கார்ந்தார். ஜெபமாலையை எடுத்தார். முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை, பின்பாதியை நானே சொல்ல வாயெடுத்தேன்.

அத்தை என் கையை அழுத்திப் பிடித்தார்.

"இரு. அவரு முடிக்கட்டும்."