மூன்று தலை வயர்

போன வெள்ளிக்கிழமை வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வரிசையாக முளைத்திருக்கும் கண்ணாடிக் கதவுக் கடைகளில் ஒன்று. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் புது லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், மொத்தத்துக்கும் ஒரே ஒரு துளைதான். சார்ஜ் ஏற்றவும் அதுதான், பென் டிரைவ் செருகவும் அதுதான், புரொஜக்டர் மாட்டவும் அதுதான். ஒற்றைக் குளியலறை வீட்டில் காலையில் எல்லாரும் துண்டோடு வரிசையில் நிற்பார்களே, அந்தக் கதை. அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கத்தான் போனேன்.

வாங்கியதும் சும்மா வந்திருக்கலாம். பள்ளி ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய ஹார்டு டிஸ்குகள் நினைவுக்கு வர, "பழைய டிஸ்க்குக்குப் போடற வயர் இருக்காம்மா? அகலமா, நிறைய பின்னு வெச்சது" என்று கேட்டுவைத்தேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள். "அதெல்லாம் இப்ப வர்றதே இல்லீங்க மேடம்" என்றாள்.

அவள் முன்னால் இருந்த மானிட்டரின் நெற்றியில், வெள்ளிக்கிழமை என்பதால், ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மெஷின் சூட்டில் சந்தனம் காய்ந்து வாசனை வந்துகொண்டிருந்தது. சூடான பிளாஸ்டிக்கும் சந்தனமும் கலந்த வாசனை. உங்களுக்கு அது நல்ல வாசனையாகவே இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. பில்லைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

டிப்ளமோ முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தது தேரடித் தெருப் பக்கம் ஒரு சந்தில் இருந்த பாஸ்கரண்ணன் கடையில். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை என்று போர்டில் இருக்கும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற ஜனங்களுக்கு அது செல்போன் சார்ஜ் போடும் கடை. உலகத்தில் உள்ள அத்தனை மெஷினும் எனக்குத் தெரியும் என்ற நினைப்போடு சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பிரிண்டர் என் துப்பட்டாவைத் தின்றுவிட்டது. பாஸ்கரண்ணனுக்கு வாய் ஜாஸ்தி. கோபம் வந்தால் என்னை 'தாயே' என்பார். மெஷினில் டீயைக் கொட்டிக்கொண்டு வருகிறவர்களை, பெரிய ஆபீசராக இருந்தாலும், "ஏங்க, டீ உங்களுக்கா அதுக்கா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

கடையில் ஒரு பெரிய இழுப்பறை இருந்தது. திறந்தால் பாம்புப் புற்றைக் கலைத்த மாதிரி வயர்கள். பழசைப் புதுசோடு, அகலத்தை ஒல்லியோடு சேர்த்து வைக்கிற சாமான்கள். பாஸ்கரண்ணன் அவற்றைத் தரகருங்க என்பார். "கல்யாணத் தரகர் மாதிரிதான் இதுங்க. ரெண்டு பக்கமும் ஒத்துப்போச்சுன்னா தரகரை யாரும் நெனைக்க மாட்டாங்க. ஒத்துப்போவலைன்னு வெச்சுக்கோ, மொத அடி தரகருக்குத்தான்."

அந்தத் தரகர்களில் மூத்தவர் மூன்று தலை வயர். பழைய பெரிய டிஸ்க்குக்கு ஒரு வாய், லேப்டாப்பிலிருந்து கழற்றிய சின்ன டிஸ்க்குக்கு ஒரு வாய், புது மாதிரி டிஸ்க்குக்கு ஒரு வாய். வால் பக்கம் யூ.எஸ்.பி. கரண்டுக்குத் தனியாகக் கறுப்புப் பெட்டி. செத்துப்போன கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மட்டும் கழற்றி இதில் மாட்டினால், உள்ளே இருக்கும் போட்டோ, பாட்டு எல்லாம் எங்கள் மெஷினில் வந்து நிற்கும். எத்தனையோ பேருடைய கல்யாண போட்டோக்களை அந்த வயர் மீட்டுக் கொடுத்திருக்கிறது. ஆயுத பூஜை அன்றைக்கு அதற்கும் ஒரு பொட்டு உண்டு. வைக்கிறது நான்தான். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பச்சையம்மா என்ற அம்மா முதன்முதலில் வந்தது ஒரு பௌர்ணமி நாளில்தான், சாயங்கால வெயில் இறங்குகிற நேரம். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். கூட அவர் வீட்டுக்காரர் ஏழுமலை. அந்த அம்மா மடியில் ஒரு மஞ்சள் துணி மூட்டை. பிரித்தால் உள்ளே இன்னொரு துணி, அதற்குள் பழைய ஹார்டு டிஸ்க். அதன் முகம் தெரியாத அளவுக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம்.

விஷயம் இதுதான். ஒரே பையன், பேர் கார்த்தி. காலேஜ் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டரில் மைக்கை வைத்துக்கொண்டு ஓயாமல் பாடிப் பதிவு செய்துகொண்டிருப்பான். பைபாஸில் லாரி மோதிப் போய்விட்டான். அவனோடு போனும் நசுங்கிவிட்டது. வீடு ஒழுகிக் கம்ப்யூட்டர் வீணானபோது, அவனுடைய சிநேகிதன் ஒருவன் டிஸ்க்கைக் கழற்றி, "எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, பத்திரமா வெச்சுக்கோங்க" என்று கொடுத்திருக்கிறான். பத்திரமாக வைப்பது என்றால் அந்த வீட்டில் எங்கே வைப்பார்கள்? சாமி அலமாரியில், அவன் படத்துக்குப் பக்கத்தில். அமாவாசைக்கு அமாவாசை படத்தைத் துடைக்கிற ஈரத்துணியாலேயே அதையும் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, படையல் போட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்காக.

"அவன் கொரலு என் போன்ல வந்தா போதும்மா. வேற ஒண்ணும் வாணாம்" என்று அந்த அம்மா தன் பட்டன் போனை நீட்டினார். படத்தில் இருக்கிற முகம் தினமும் பார்க்கிற முகம்தான். குரல்தான் மறந்துகொண்டே வருகிறது என்றார். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் இப்போதெல்லாம் வேறு யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்கிறதாம்.

மூன்று தலை வயரை மாட்டியது நான். கரண்ட் கொடுத்ததும் டிஸ்க் ஒரு மூச்சு விட்டுச் சுற்ற ஆரம்பித்தது. எனக்கு வாயெல்லாம் பல். சூடு ஏற ஏறச் சந்தன வாசனை கடை பூராவும் பரவியது. அப்புறம் டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக், டொக். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். உள்ளே தட்டின்மேல் ஓடுகிற முள் இடம் தெரியாமல் முட்டிக்கொள்கிற சத்தம். பாஸ்கரண்ணன் எட்டி வந்து சுவிட்சை அணைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? உள்ள தட்டுச்சுங்களே" என்றார் பச்சையம்மா. "இன்னும் கொஞ்சம் விடுங்க. அவன்தான் ஏதோ..." என்று காதை டிஸ்க்கின் அருகே கொண்டுபோனார். நான் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

பாஸ்கரண்ணன் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ரூமுக்குப் போனார். ஏழுமலையும் நானும் பின்னாலேயே போனோம். பச்சையம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தில் சந்தனத்தைச் சுரண்டியபோதுதான் கண்ணில் பட்டது. அந்த டிஸ்க்கின் மூடியில் மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னத் துளை இருக்கும். அதை மூடாதே என்று பக்கத்திலேயே இங்கிலீஷில் அச்சடித்திருப்பார்கள். வட்டமாக, நெற்றிப்பொட்டு வைக்கிற இடம் மாதிரியே இருக்கும். அந்த அம்மா எல்லா அமாவாசைக்கும் சரியாக அந்த வட்டத்தில்தான் பொட்டு வைத்திருக்கிறார். துளை அடைத்துக்கொண்டிருந்தது. பின்பக்க போர்டில் ஈரம் பட்டுப் பச்சை பூத்திருந்தது. பாஸ்கரண்ணன் திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த தட்டில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. ஓரமெல்லாம் நறநறவென்று தூள்.

"கண்ணாடி மாட்டம் இருக்குதே" என்றார் ஏழுமலை. அவர் முகம் அதில் தெரிந்தது, கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

"ஆவாதுங்க. மெட்ராஸ் கொண்டுபோனாலும் ஆவாது" என்றார் பாஸ்கரண்ணன். அடுத்து அவர் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'யாருங்க இதுக்குப் போய்ப் பொட்டு வெச்சது?' வாயைத் திறந்தும் விட்டார். ஏழுமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ வெச்ச பொட்டுனாலதான்னு மட்டும் சொல்லிடாதீங்க. புள்ளய லாரிக்காரன் கொன்னான்னு இருக்கறா. கொரல நான்தான் கொன்னேன்னு ஆயிடும். தாங்கமாட்டா."

 பாஸ்கரண்ணன் மூடியை மறுபடி பொருத்தித் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். டிஸ்க்கை அதே மஞ்சள் துணியில் அவரே சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். மேஜைமேல் கிடந்த மூன்று தலை வயரைத் தூக்கிக் காட்டினார்.

"டிஸ்க்கு நல்லாதாம்மா இருக்கு. எங்க வயருதான் சரியில்ல. இதுக்குன்னு வேற வயரு இருக்கு, சொல்லி வெச்சிருக்கேன். வந்தா போட்டுப் பாத்துக்கலாம்."

முதல் அடி தரகருக்குத்தான். வாடிக்கையாளரிடம் அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பச்சையம்மா அந்த வயரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவம், அதற்கு உயிர் இருந்தால் அழுதிருக்கும். மறுநாளே ஒரு ஸ்டூடியோக்காரரின் டிஸ்க்கை அதில் மாட்டினோம். தகராறே இல்லாமல் ஓடியது.

அதற்கப்புறம் அந்த அம்மா பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வர ஆரம்பித்தார். போகும் வழியில் கடை வாசலில் ஒரு நிமிஷம். "ஏம்மா, வயரு வந்துச்சா?"

"இன்னும் வரலீங்கம்மா."

"வரும். அண்ணாமலையார் கிட்ட வேண்டிக்கினுதான் சுத்தறேன்." சொல்லிவிட்டு வேகவைத்த மல்லாட்டையை, எங்கள் பக்கத்து வேர்க்கடலையை, ஒரு பை கொடுத்துவிட்டுப் போவார். பாஸ்கரண்ணன் அதில் ஒன்றைக்கூட வாயில் போடமாட்டார். எனக்குப் பசி. நான் தின்றேன்.

பௌர்ணமி என்றால் கடையில் எங்களுக்கு ஒரு வேலை கூடுதல் ஆயிற்று. மத்தியானத்துக்கு மேல் மூன்று தலை வயரைக் கழற்றி இழுப்பறைக்குள் ஒளித்துவைக்க வேண்டும். ஒரு தடவை மறந்துபோனோம். யாருடைய டிஸ்க்கோ அதில் ஓடிக்கொண்டிருக்கிறது, வாசலில் பச்சையம்மா. "இதுதான் அந்த வயரா? ஓடுதே!" என்று கண்ணெல்லாம் விரிய மடியிலிருந்து மஞ்சள் மூட்டையை எடுத்துவிட்டார். எப்போதும் கூடவே கொண்டுவருகிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாஸ்கரண்ணன் "இது வேற ஜாதி டிஸ்க்குக்கும்மா" என்று எதையோ உளறினார். அந்த அம்மா மூட்டையை மறுபடி கட்டிக்கொண்டார். துணியின் நடுவில் சந்தனம் ஊறிய வட்டம் புதிதாக ஈரத்தோடு இருந்தது. பொட்டு வைப்பதை நிறுத்தவே இல்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நான் மெஷின் பக்கம் போனேன். "ஷட்டருக்கு மட்டும் வை தாயே" என்றார் பாஸ்கரண்ணன். அன்றைக்கு அந்தத் 'தாயே'யில் கோபம் இல்லை.

நல்லதுக்குச் சொன்ன பொய் என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பொய்யின்மேல் மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா ஒரே நாளில் உடைந்திருப்பார். சொல்லாததால் மாதாமாதம் மலையைச் சுற்றினார், வெடித்த பாதத்தோடு. இதில் எது கொடுமை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பிறகு ஒரு பௌர்ணமிக்கு ஏழுமலை தனியாக வந்தார். மல்லாட்டைப் பை இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அவ போயிட்டாங்க. காய்ச்சல்னு படுத்தா, அப்படியே" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். "அந்த மஞ்ச மூட்டையக் கைய விட்டு எறக்கவே இல்ல. தலமாட்டுல வெச்சு அப்படியே பொதச்சிட்டோம்."

பாஸ்கரண்ணன் டீ வரவழைத்தார். யாரும் குடிக்கவில்லை. வெளியே கூட்டம் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படி இறங்கியவர் திரும்பினார்.

"வயரு வந்துச்சுங்களா?"

டிஸ்க் மண்ணுக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்தபோது கூட நின்று பார்த்த மனிதர். பொய்யைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். நான் பாஸ்கரண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் வரலீங்க."

"வந்தா சொல்லுங்க" என்றுவிட்டு அவர் கூட்டத்தோடு கிரிவலப் பாதைப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகும் சில பௌர்ணமிகள் வந்தார். அதே கேள்வி, அதே பதில். அப்புறம் வரவில்லை. ஏன் என்று விசாரித்துக்கொண்டு போக எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

எல்லார் கையிலும் டச் போன் வந்ததும் ரிப்பேருக்கு வருகிற கூட்டம் கம்மியாகிக் கடையை மூடியாயிற்று. பாஸ்கரண்ணன் மகள் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். அந்தச் சந்தில் இப்போது ருத்திராட்சம் விற்கிறார்கள். கடையைக் காலி செய்த அன்றைக்கு இழுப்பறையை அப்படியே பழைய சாமான்காரரின் சாக்கில் கவிழ்த்தோம். தரகர்கள் எல்லாரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். மூன்று தலை வயர் மேலாகக் கிடந்தது, என்றைக்கோ நான் வைத்த குங்குமக் கறையோடு. எடுத்துக்கொள்ளலாமா என்று கை போனது. எடுக்கவில்லை. சாக்கைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

வேங்கிக்கால் கடைப் பெண் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அந்த வயர் இப்போது வர்றதே இல்லைதான். அத்தனை பௌர்ணமிகளில் நாங்கள் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தையை அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். சாக்கில் போன அன்றைக்கும் அந்த வயரில் ஒரு குறையும் இல்லை. முந்தின நாள்கூட அதில் யாருக்கோ கல்யாண போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தோம்.