லேசாகச் சுடப்பட்ட தெய்வசிகாமணி

புதுச்சேரிக்குப் பக்கத்து அரியாங்குப்பத்தில் கேட், கிரில் பட்டறை வைத்திருக்கும் தெய்வசிகாமணி பல கிரகங்களை அழித்தவர். அழிக்க அவர் பயன்படுத்திய ஆயுதம் எப்போதும் ஒன்றுதான்: லேசர். வெடிகுண்டை அவர் ஏற்கவில்லை, அது குப்பை போடும். வாளையும் ஏற்கவில்லை, அதைத் துடைத்து வைக்க வேண்டும்.

இந்தக் கொள்கை பட்டறையில் பிறந்தது. இரும்புத் தகட்டை கேஸ் கட்டிங்கில் வெட்டினால் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பதிலேயே ஆயுள் கழியும். ஒருமுறை மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் லேசர் மெஷின் தகடு வெட்டுவதைப் பார்த்தார். வெட்டிய ஓரத்தில் விரலை வைத்துத் தடவினார். பிசிறே இல்லை. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த மெஷினை வாங்க வசதி இல்லை. ஆகவே விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆனார்.

அவருடைய சொந்த ஊர் வீராம்பட்டினம். படகில் ஏறினால் வாந்தி எடுப்பார் என்ற ஒரே குற்றத்துக்காகக் கடல் தொழிலிலிருந்து கரைக்குத் தள்ளப்பட்டவர். விண்வெளிக்குப் போக மட்டும் அவர் ஒருநாளும் தயங்கியதில்லை. அவருடைய நாயகன் தளபதி ஒளிவேந்தன் பறக்கும் விண்கலத்தின் வாசலில் தாமரைப்பூ போட்ட கிரில் கேட் இருக்கும். ஆகாயத்தில் கேட் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "மாடு கீடு பூந்துட்டா?" என்று பதில் சொன்னார்.

கதைகள் 'அண்டவெளி' என்ற வாட்ஸப் குழுவில் வெளியாகும். அந்தக் குழுவின் தலைமை விமர்சகர் சொல்தா நாராயணசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். துப்பாக்கி பற்றிய எந்த வாக்கியமும் அவர் அனுமதி இல்லாமல் நிலைக்காது.

"துப்பாக்கின்னா தோள்ல ஒதைக்கணும்யா. ஒன்னோடது ஒதைக்கவே மாட்டேங்குதே. எந்த ஆர்மேல, எந்தப் பட்டாளத்துல குடுத்தான் இத?" என்பார், பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு.

"வெளிச்சம் எப்பிடி சொல்தாரே ஒதைக்கும்?"

"அப்ப சுட்டது எப்பிடித் தெரியும்?"

"எதிர்ல இருக்கறவன் செத்துடுவான்ல. அத வெச்சுத்தான்."

இப்படி இலக்கியம் செழித்துக்கொண்டிருந்த காலத்தில், தெய்வசிகாமணியின் செல்போனில் எழுத்துகள் மங்கத் தொடங்கின. கம்பெனி மட்டமான போனை விற்றுவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். தட்டுவதை நிறுத்தி, வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் முறைக்கு மாறினார். பட்டறைச் சத்தத்திலும் போனுக்கு எல்லாம் சரியாகக் காதில் விழுந்தது, ஒரு சொல்லைத் தவிர. அவர் 'லேசர்' என்றார். அது 'லேசா' என்று எழுதியது.

"ஒளிவேந்தன் லேசா சுட்டான். ஜிண்டா கிரகத்துப் படை லேசா அழிந்தது" என்று அன்றைய அத்தியாயம் வெளியானது. குழு சிரித்துப் புரண்டது. இதற்கு முன் எந்த அத்தியாயத்துக்கும் இத்தனை கைதட்டல் பொம்மைகள் விழுந்ததில்லை. தெய்வசிகாமணிக்கோ அவமானம். கடுமையான ஒரு போரைக் காற்று வாங்கப் போன மாதிரி ஆக்கிவிட்டார்களே!

"லேசா சுட்டா எப்பிடிய்யா சாவான்? பட்டாளத்துல லேசான்னு ஒரு ஆர்டரே கெடையாது" என்று சொல்தா குரல் செய்தி அனுப்பினார்.

கண்தான் கோளாறு என்பதை முதலில் கண்டுபிடித்தது தெய்வசிகாமணியின் மனைவி சின்னப்பொண்ணு. வீராம்பட்டினத்து மீனை டவுன் மார்க்கெட்டில் விற்பவர். கணவர் தவளக்குப்பத்து வீடொன்றுக்குக் கேட் மாட்டப் போனபோது அவரும் கூடப் போயிருந்தார். மாட்டிய கேட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ், ஒரு தாமரை மட்டும் ஏன் தலகீழா பூத்திருக்கு?"

தெய்வசிகாமணி கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். "எல்லாம் நேராத்தானே இருக்கு?" என்றார். சின்னப்பொண்ணு மறுநாள் மீன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கணவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் சரிதா சோதித்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். பல வருஷமாக மாத்திரையை நினைத்தால் போட்டு, மறந்தால் விட்ட சர்க்கரை விழித்திரைக்குப் போய்விட்டது. வலது கண்ணில் போன பார்வை போனதுதான். இடது கண்ணிலும் கசிவு தொடங்கிவிட்டது. "லேசர் வெச்சா அதைக் காப்பாத்தலாம். தள்ளிப் போடாதீங்க. தள்ளிப்போட்டா அதுவும் போயிடும்."

தெய்வசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன மெகாவாட்டுங்க?"

"மெகாவாட்டா? மில்லிவாட்டுங்க."

அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. ஆனால் ஆட்டோவில் ஏறியதும் நினைவு வந்தது. ஜிண்டா கிரகத்து ராணியின் கண்ணில் ஒளிவேந்தன் சுட்ட லேசர் பின்மண்டை வழியாக வெளியே வந்து, சுவரைத் துளைத்து, சுவருக்குப் பின்னால் இருந்த நிலாவையும் இரண்டாக்கியது. எழுதியவர் அவரே. லேசர் என்னவெல்லாம் செய்யும் என்று அவரைவிடத் தெரிந்தவர் அரியாங்குப்பத்தில் யார்?

"நான் வெச்சிக்க மாட்டேன்" என்றார்.

"ஏன்யா? டாக்டரம்மா லேசாத்தான் வெக்கிறேன்னு சொன்னாங்களே."

"லேசா இல்லடி. லேசர்."

"அதான், லேசா. காதுல வுழுந்துச்சு. லேசா வெக்கிறதுக்கு ஏன்யா இப்பிடிப் பயந்து சாவுற?"

எத்தனையோ முறை திருத்தினார். சின்னப்பொண்ணுக்கு ஏறவே இல்லை. போனுக்கும் இவளுக்கும் ஒரே காது என்று நொந்துகொண்டு ஒளிவேந்தனின் போரில் இறங்கினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி போனது. அடுத்த தேதியும் போனது. கேட்டால், ஒளிவேந்தன் முற்றுகையில் சிக்கியிருக்கிறான், இந்த நேரத்தில் விட்டுவிட்டு வர முடியாது என்றார்.

ஒருநாள் காலையில் சின்னப்பொண்ணு டீ டம்ளரை நீட்டினார். தெய்வசிகாமணி கையை நீட்டினார். கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. மறுபடியும் பிடித்தது. சின்னப்பொண்ணு டம்ளரை அவர் விரல்களுக்குள் வைத்து மூடினார்.

"கருப்பா நூல் நூலா ஓடுது சின்னா" என்றார் அவர், முதன்முறையாகக் கதைக்குள் ஒளியாமல்.

"சட்டையப் போடு. லேசாத்தான். நான் கூட இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கருவிக்கு முன்னால் உட்கார வைத்து, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொன்னார்கள். "நேரா பாருங்க. ஆடக் கூடாது" என்றார் டாக்டர். தெய்வசிகாமணியின் கதைகளில் எதிரிகள் ஓடுவார்கள், கத்துவார்கள், சபிப்பார்கள். அவர்களில் ஒருவனையாவது அசையாமல் உட்காரச் சொன்னதாக எழுதியிருக்கிறோமா என்று யோசித்தார். இல்லை. சுடப்படுகிறவன் என்ன நினைப்பான் என்றும் எழுதியதில்லை.

பச்சை வெளிச்சம் வெட்டியது. திரும்பத் திரும்ப வெட்டியது. சத்தம் இல்லை. தோளில் உதைக்கவும் இல்லை. சில ஒன்றுமே தெரியாமல் போயின. சில கண்ணுக்குப் பின்னால் ஊசியாய்ச் சுருக்கின. அவர் ஆடவில்லை. பின்னால் நின்ற சின்னப்பொண்ணுவின் கை அவர் முதுகில் இருந்தது. அதில் மீன் வாடை வந்தது. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறியது. கண்ணில் கருப்புக் கண்ணாடி.

"வலிச்சுதுடி. லேசான்னியே!"

"லேசர்னா நீ வந்திருப்பியா?"

தெய்வசிகாமணி முகத்தைத் திருப்பினார். "அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"மார்க்கெட்ல அந்தக் கோடில பேரம் பேசறது இங்க எனக்குக் கேக்கும். டாக்டரம்மா சொன்னது கேக்காதா? போய்யா."



இன்னும் சில தடவை போக வேண்டியிருந்தது. கூப்பிடாமலே சட்டையைப் போட்டார். கடைசிச் சோதனையில் கசிவு நின்றிருந்தது. மிச்சம் இருந்த பார்வை தங்கியது. ஓரப் பார்வைதான் மங்கல், லேசர் வைத்தால் அது கொஞ்சம் போகத்தான் செய்யும் என்றார் டாக்டர். தெய்வசிகாமணி முதலில் தவளக்குப்பம் போனார். தாமரையை அறுத்து நேராக வைத்துப் பற்றவைத்தார். பிசிறைத் தேய்த்து எடுத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

அதன்பின் ஒளிவேந்தனும் பக்கவாட்டில் வரும் எதிரியைக் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்கிறான். போன் இன்னும் 'லேசா' என்றுதான் எழுதுகிறது. அவர் திருத்துவதில்லை. போன அத்தியாயத்தில் தளபதி ஜிண்டா வீரன் ஒருவனைப் பிடித்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, "நேரா பாருங்க, லேசாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுட்டான்.

சொல்தா நாராயணசாமி நேரிலேயே வந்துவிட்டார். நாற்காலியைக்கூட இழுத்துப் போடவில்லை.

"மோன் தியூ! கடவுளே! எதிரிக்கு சொட்டு மருந்து விடற ஆர்மே எங்கியா இருக்கு? இவன் சாவானா மாட்டானா, அத மட்டும் சொல்லு."

தெய்வசிகாமணி குரல் வந்த பக்கம் கழுத்தை முழுசாகத் திருப்பி, அவரைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"சாவ மாட்டான் சொல்தாரே. அவனுக்குப் பார்வை தங்கணும். அதுக்குத்தான் சுடறான்."