கத்திரிக்காய்ப் புத்தகத்தில் ஒரு ராஜா

நேற்று புதுப் புடவையைப் பிரித்ததும் கஞ்சி வாசனை குப்பென்று வந்தது. உடனே நான் ஆந்திர எல்லையோர ஊரான நகரியில், அம்மாவின் தறிக்கு எதிரே, ஏழு வயதில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆந்திரா பிரிந்த புதிது. எல்லை எங்கே என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, எங்கள் பள்ளிக்குத் தெலுங்கு வந்துவிட்டது. வாரம் ஒரு தெலுங்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்து, நாங்களாகவே படிக்கச் சொன்னார்கள். எனக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே! அவள் நெய்ய நெய்ய, படமே இல்லாத பக்கங்களைப் புரட்டியபடி, படிப்பதுபோல் கதை அளந்து ஒரு ராஜாவைப் போருக்கு அனுப்பினேன். படிக்கத் தெரியாத அம்மா சொக்கிப்போனாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா எட்டிப் பார்த்தாள். "அத்தே, இது கத்திரிக்கா பயிர் பண்ற புஸ்தகம். இதுல ராஜா எங்க கீறாரு?"

தறி நின்றது.

"உன் ராஜாவ நீயே வச்சிக்கடா. இதுல இன்னா கீதுன்னு படி, அப்புறமா சோறு துன்னு" என்றாள் அம்மா.

அக்காவைக் கெஞ்சி எழுத்துகளைக் கேட்டு, பசியோடு கூட்டினேன். வங்... கா... ய. வங்காய! தெலுங்கில் கத்திரிக்காய்! நானே படித்துவிட்டேன்! தெருவுக்கே கேட்கும்படி கத்திக் குதித்தேன்.

அம்மா சோற்றுப் பானையைத் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அடுத்த வார்த்த இன்னாடா?" என்றாள்.