கொஞ்சம் சரிவு

கடை முற்றத்தில் நின்ற மஞ்சள் செயின் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த ராட்னி பாஸ்கோ இறங்குகிற வழியாயில்லை. இரண்டு கையிலும் இரண்டு பிடி. எதிரே தடித்த கண்ணாடி. அதற்கு முன்னால் வண்டியின் அகலத்துக்கு ஓர் இரும்பு உருளை, உடம்பெல்லாம் பல். அது சுழல ஆரம்பித்தால் புதரும் தொடைப் பருமன் மரமும் நின்ற இடத்திலேயே தூளாகி மண்ணுக்கு மூடாக்காக விழும். வெட்ட வேண்டாம், அள்ள வேண்டாம், கொளுத்த வேண்டாம்.

"எப்படி இருக்கு மாப்ள?" என்று கீழேயிருந்து டாமியன் கேட்டான். விற்பனை அவன் கையில். "உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குல்ல?"

"மோசமில்ல" என்றான் ராட்னி.

ஆஸ்திரேலியாவின் இந்தக் கியோகல் பக்கத்து ஆள் 'மோசமில்ல' என்று சொல்லிவிட்டால் மனசைப் பறிகொடுத்துவிட்டான் என்று அர்த்தம். டாமியனுக்கு அது தெரியாதா? சிரித்துக்கொண்டான்.

"வேலை எங்க?"

"டூலி மேட்டுல. ஹெதர் குயில்டி இடம், அப்புறம் அந்த ரோட்டுல இருக்கிற மத்த வீடுங்க."

"சரிவா?"

"கொஞ்சம்னு சொன்னாங்க."

"கொஞ்சம்னா கவலையே இல்ல. இது ஆடு மாதிரி ஏறும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு, லிஸ்மோர்லேர்ந்து ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான்."

ராட்னியின் மனைவி லிண்டல் வண்டியில் ஏறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முற்றத்தின் கோடியைப் பார்த்தபடி நின்றாள். அங்கே சாயம் போன ஒரு பழைய பொக்லைன் நின்றது. வாளி இருக்க வேண்டிய இடத்தில், நீண்ட கையின் நுனியில், இதே மாதிரிப் பல் உருளை ஒன்று சின்னதாக மாட்டியிருந்தது.

"அது?" என்று கேட்டாள்.

"அது ஆமை, லிண்டல். நாள் பூரா அரைச்சாலும் ஒரு கொல்லைப்புறம்தான் தேறும். வயசானவங்க பொழுதுபோக்குக்கு வாங்குவாங்க."

ராட்னிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

மர அறுவை மில்லில் கட்டை தூக்கும் வண்டியை ஓட்டியே ராட்னிக்குத் தலை நரைத்திருந்தது. மில்லை மூடினார்கள். அதன் பிறகு காலையில் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு எங்கேயும் போக இடமில்லாமல் சமையலறையில் நிற்கிற மனுஷனாக ஆகிப்போனான். யாராவது கேட்டால், "கொஞ்சம் ஓய்வு" என்பான். அந்த ஓய்வில் அவன் இளைத்துப்போனதைப் பெல்ட்டில் புதிதாகக் குத்தியிருந்த ஓட்டையிலிருந்து லிண்டல் கண்டுபிடித்தாள்.

அப்போதுதான் டூலி மேட்டு வேலை வந்தது. மேட்டில் நாலு வீடு, ஏறி இறங்க ஒரே ஒரு ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆளை மறைக்கும் உயரத்துக்கு அடைத்துக்கிடந்தது. போன பெரிய காட்டுத்தீயில் காற்று திரும்பியதால் மட்டுமே அந்த வீடுகள் தப்பின. இந்தக் கோடைக்கு முன்னால் புதரை அரைத்து ஒதுக்காவிட்டால் தீ வரும் நாளில் லாரி மேலே போகாது, கார் கீழே வராது. தீயணைப்புத் தொண்டர்கள் கொட்டகையில், ரொட்டியில் சுருட்டிய சாசேஜைத் தின்றுகொண்டே, "நான் பண்றேன்" என்று ராட்னி சொல்லிவிட்டான். வண்டி கைக்கு வருவதற்கு முன்பே வாக்கு போய்விட்டது. இடத்தைப் பார்ப்பதற்கும் முன்பே.

திரும்பி வரும் வழியில் லிண்டல் கேட்டாள்: "ஹெதர் என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

"கொஞ்சம் உண்ணிச்செடி, கொஞ்சம் கல்லு, வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் சரிவுன்னாங்க."

"நீ போய்ப் பாத்தியா?"

"போன்லதான் பேசினேன். எதுக்குப் பாக்கணும்? அவங்க பொறந்து வளந்த இடம், அவங்களுக்குத் தெரியாதா?"

"ராட், அவங்க வீட்டுக்காரர் காலின் மேல டிராக்டர் கவுந்தப்ப அவங்க எங்களுக்குப் போன் பண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா?"

லிண்டல் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவள். வேலை விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"'அவசரம் ஒண்ணுமில்ல, முடியறப்ப வாங்க, காலின் கொஞ்சம் நசுங்கியிருக்காரு'ன்னாங்க. நாங்க சைரன்கூடப் போடல. போய்ப் பாத்தா இடுப்பெலும்பு நொறுங்கிக் கெடக்கு. மனுஷன் டிராக்டருக்கு அடியில படுத்துக்கிட்டு, 'தொந்தரவு குடுத்துட்டேன் பொண்ணே, மன்னிச்சுக்கோ'ங்கறாரு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த டிராக்டர் எங்க கவுந்துச்சுன்னு நினைக்கற? அவங்க சொல்ற அந்தக் கொஞ்சம் சரிவுலதான்."

ராட்னி அடுத்த திருப்பத்தில் வண்டியை டூலி மேட்டுப் பக்கம் ஒடித்தான்.

ஹெதர் குயில்டி வாசலில் நின்று வரவேற்றார். கணவர் காலின் பிற்பாடு நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த பின் தனியாக இருக்கிறவர். மேஜையில் தேநீரும் பழக் கேக்கும் தயாராக இருந்தன. குடிக்காமல் எழவிட மாட்டார்.

"வண்டி வாங்கியாச்சா கண்ணு?"

"பாத்து வச்சிருக்கேன். அதுக்கு முன்னால எடத்தப் பாக்கலாம்னு."

"பாரேன். பாக்க என்ன இருக்கு, புதருதான்."

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பியைத் தாண்டியதும் புல் முடிந்தது. அதற்கப்புறம் தரை இல்லாதது போலத்தான் இருந்தது. உண்ணிச்செடியின் மேல்பரப்பு பூவும் இலையுமாகப் பாய் விரித்தது போல் கீழே இறங்கிப் போனது. ஓடை எங்கோ அடியில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ராட்னி ஒரு காலை முன்னே வைத்தான். பூட்ஸ் வழுக்கியது. பக்கத்திலிருந்த வேலிக் கட்டையைச் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"ஹெதர், இதையா கொஞ்சம் சரிவுன்னீங்க?"

"கொஞ்சம்தானே? கீழ போறதுக்குக் கஷ்டமே இல்ல. மேல வர்றதுதான்" என்று அவர் சிரித்தார். தன் வேடிக்கையைத் தானே ரசித்தவராக, கேக் வெட்டிவைக்க உள்ளே போனார்.

ராட்னி குனிந்து இரண்டு கைக்கும் அடங்குகிற ஒரு கல்லை எடுத்துக் கீழே உருட்டினான். அது புதருக்குள் நுழைந்தது. கிளைகள் முறிந்தன. பிறகு இன்னும் முறிந்தன. ஏதோ பழைய தகரத்தில் மோதி, அதையும் தாண்டிப் போனது. சத்தம் சிறுத்துக்கொண்டே போனதே தவிர, கல் எங்கேயோ போய் நின்றது என்று சொல்லும்படியான சத்தம் ஒன்று வரவேயில்லை.

மஞ்சள் வண்டியின் இருக்கை அவனுக்கு ஞாபகம் வந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. உருளையின் பாரமெல்லாம் முன்னால். இந்தச் சரிவில் மூக்கைக் கீழே நீட்டினால் பின்பக்கம் தூக்கும். குறுக்கே போனால் கவிழும். புதருக்குள் ஒளிந்திருக்கிற ஒரு கல்லில் செயின் ஒரு பக்கம் ஏறினால் போதும்.

"பொக்லைனா இருந்தா மேல சமதரையிலயே நின்னுக்கிட்டுக் கையக் கீழ நீட்டி அரைக்கலாம்" என்று தனக்கே சொல்வது போலச் சொன்னான். "ஆனா எனக்கு அது பழக்கமில்ல. அதுவும் ஆமை. கோடைக்குள்ள நாலு வீட்டையும் முடிக்க முடியாது. மஞ்சள் வண்டின்னா முடிச்சிடலாம்."

"முடிச்சிடலாமா?"

"கவனமா ஓட்டினா..." அவன் இழுத்தான்.

லிண்டல் அவனைப் பார்த்தாள். "பயமா இருக்கா?"

"கொஞ்சம்."

"எந்தக் கொஞ்சம்? நெஜக் கொஞ்சமா, ஹெதர் கொஞ்சமா?"

அவன் வேலிக் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஹெதர் கொஞ்சம்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை டாமியனுக்குப் போன் செய்து பொக்லைனைக் கேட்டான்.

"ஆமையையா? ஏன் மாப்ள, என்ன ஆச்சு?"

'கொஞ்சம் யோசிச்சுப் பாத்தேன்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "ரொம்ப செங்குத்து. அந்த வண்டியில ஏறினா செத்துப்போவேன்" என்றான். ஊரில் யாரும் பேசாத பாஷையில் பேசிவிட்டாற்போல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பொக்லைன் ஆமைதான், டாமியன் பொய் சொல்லவில்லை. மேட்டு ரோட்டில் அதை நிறுத்திக் கையை ரோட்டோரச் சரிவுக்கு நீட்டி, மேலிருந்து கீழாகச் சீவினான். ஆரம்பத்தில் கை ஒரு பக்கம் போகும், மனசு ஒரு பக்கம் போகும். புதருக்குள் கல் இருந்தது, அதுவும் கொஞ்சமில்லை. பற்கள் மழுங்கின. யாரோ எந்தக் காலத்திலோ போட்டு மறந்த வேலிக் கம்பி உருளையில் சுற்றிக்கொண்டது. அதை வெட்டி வெட்டி எடுப்பதிலேயே பொழுது போனது. கீழ் வீட்டுக்காரர் ரே டன்ஸ்டன் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னப்பா ராட், பல்லு குத்திவிடறியா?"

"சொத்தைப் பல்லு, ரே. மெதுவாத்தான் எடுக்கணும்."

"கிறிஸ்துமஸுக்குள்ள முடியுமா?"

"எந்தக் கிறிஸ்துமஸ்னு நான் சொல்லலியே."

ரே சிரித்துவிட்டுப் போனார். ராட்னி சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தான். மேற்கிலிருந்து வரும் காற்றில் ஏற்கெனவே சூடு இருந்தது. மஞ்சள் வண்டியாக இருந்தால் இந்நேரம் ரோடு முடிந்து மற்ற வீடுகளுக்குப் போயிருக்கலாம். அல்லது மஞ்சள் வண்டி ஓடையில் தலைகீழாகக் கிடக்க, லிண்டலின் ஆம்புலன்ஸ் ரோட்டில் நின்றுகொண்டிருக்கலாம். எதுவென்று யார் சொல்வது? கம்பி வெட்டுகிற நேரமெல்லாம் இதே கணக்குத்தான் மனசில் ஓடியது, விடை வரவில்லை.

வெயில் அந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் மேலே ஹெதர் வீட்டு வாசல்வரை அரைத்து முடித்த மறுநாள், தீ அபாய அறிவிப்பு வந்தது. இனி வண்டியைத் தொட முடியாது. கல்லில் பல் பட்டு ஒரு பொறி பறந்தாலும், காப்பாற்ற வந்தவனே கொளுத்தினவனாகிவிடுவான். லாரி மேலே போகும், கார்கள் கீழே வரும். அதைச் செய்துவிட்டான். ஆனால் ஹெதர் வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சரிவு அப்படியே நின்றது, இலை சுருங்கி, காய்ந்து, ஓடைவரை.

சொல்லுவதற்கு அவன் நேரில்தான் போனான். ஹெதர் துணிக் கம்பியில் விரிப்பை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"முடியல, ஹெதர். உங்க எடத்த முடிக்க முடியல."

"ரோடுதான் முதல்லன்னு நான்தானே சொன்னேன்? எல்லாரும் கீழ போகணும்ல." கிளிப்பை வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினார்.

"தீ வருதுன்னு அறிவிப்பு வந்தா உடனே கெளம்பிடுவீங்களா? பாத்திட்டு நிக்கக் கூடாது."

"கெளம்பறேன், கெளம்பறேன். வா, தேத்தண்ணி போடறேன். எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" அவர் விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். காற்று அதைச் சரிவின் பக்கமிருந்து வீட்டின் பக்கமாக ஊதியது. "கொஞ்சம்தானே கண்ணு மிச்சம்?"

ராட்னி அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.