கோல் பண்ணையின் கரும்பலகையில் அப்பாவின் பெயர்

வெள்ளி, காலை 9.40. ஒஸ்லோவின் ட்வெய்ட்டா.

ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள். பன்னிரண்டாம் மாடியிலிருந்து இறங்கவே நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. காரணம் அம்மா. கோல் என்ற ஊருக்கு மேலே ஒரு குதிரைப் பண்ணையில் மூன்று இரவு, மூன்று பேர், படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, சவாரி எல்லாம் சேர்த்து 14,850 குரோனரை நான் கட்டியாகிவிட்டது. எல்லாம் அடக்கம் என்று பத்துத் தரம் விளக்கியும் ஆயிற்று. அம்மா கேட்டுக்கொண்டே ரைஸ் குக்கரையும் ஐந்து கிலோ அரிசியையும் ஒரு டப்பா பொரித்த மீனையும் சம்பலையும் வாசலில் அடுக்கினார்.

"அவையள் தாறதைத் தரட்டும். அரிசி கிடந்தால் என்ன, கடிக்கப்போகுதோ?"

அரிசிப் பையைத் தூக்க அப்பா குனிந்தார். நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். இந்தப் பயணமே அந்தக் குனிவைத் தடுக்கத்தான். மூன்று கிழமைக்கு முன் அப்பாவுக்கு ஹெர்னியா ஒப்பரேஷன். ஆறு கிழமைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தூக்கினால் தையல் விட்டுத் திரும்பவும் வெட்ட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி, சீக்மெல்டிங் என்கிற வேலை விடுப்புச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அல்னப்ரூவில் ஒரு களஞ்சியத்தில் லொறிக்குச் சாமான் ஏற்றுகிற மனுஷன் வீட்டில் என்ன செய்வார்? முதல் கிழமை அலுமாரியை நகர்த்தப் பார்த்தார். இரண்டாம் கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் வொஷிங் மெஷினை. துரொண்ட்ஹெய்மில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அம்மா போன் எடுத்து, இந்த மனுஷனை எங்கேயாவது கொண்டுபோய் இருத்து என்றார். கொண்டுபோனேன். தூக்க ஒன்றுமில்லாத இடமென்று பண்ணையைத் தேர்ந்தெடுத்த என் மூளையை என்னவென்று சொல்ல.

10.55. ஹொனெஃபொஸ். காரைச் சார்ஜில் போட்டோம், 25 நிமிடம். நான் கோப்பி வாங்கி வருவதற்குள் அப்பா நாலு டயரையும் காலால் அழுத்திப் பார்த்து, கண்ணாடி துடைத்து, அடுத்த காருக்கும் துடைக்கப் போயிருந்தார். அதற்குப் பிறகு 130 கிலோமீட்டரும் ஒவ்வொரு வேகப் பலகையையும் எனக்கு வாசித்துக் காட்டினார். வலது பக்கம் ஏரி, ஆறு, காடு என்று நோர்வே தன் முழு அழகையும் காட்டிக்கொண்டிருந்தது. காரில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

1.50. பண்ணை. கடைசி நாலு கிலோமீட்டர் சரளைக்கல் பாதை. வெண்ணெய் நிறத்தில் கட்டைக் குதிரைகள் இருபது, பிடரிமயிர் நடுவில் மட்டும் கறுப்பு. பண்ணைக்காரியின் பெயர் காரி, ஐம்பது வயது இருக்கும், கை குலுக்கினால் விரல் எண்ணிப் பார்க்க வேண்டும். காலைச் சாப்பாடு எட்டு, இரவுச் சாப்பாடு ஆறு என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மண்டபத்துக் கரும்பலகையைக் காட்டினார். வைக்கோல், தண்ணீர், முட்டை, சாணி என்று நாலு வேலை. விரும்புகிற விருந்தாளி பெயரை எழுதிவிட்டு அடுத்த நாள் காலையில் போய்ச் செய்யலாம். ஒஸ்லோப் பிள்ளைகள் சண்டை பிடித்து எழுதுவார்களாம். காசு கொடுத்துச் சாணி அள்ள வருகிற சனம். நான் சிரித்துவிட்டு அறை பார்க்கப் போனேன்.

ஆறு மணிக்கு ஆட்டிறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும். கோப்பையோடு திரும்பும்போதுதான் பலகையைக் கவனித்தேன். நாலு வேலைக்குக் கீழும் கட்டை எழுத்தில் SIVA. அப்பாதான்.

அது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்றேன். பலகையில் போட்ட வேலையை யாராவது செய்யத்தானே வேண்டும் என்றார். கடைசியில் முட்டை மட்டும் என்று சம்மதித்தார். நானும் நம்பினேன்.

சனி, காலை 6.15. அப்பாவின் கட்டில் வெறுமை. சப்பாத்து நாடா கட்டாமலே ஓடினேன். தொழுவத்துக்குப் பின்னால் பதினைந்து கிலோ வைக்கோல் கட்டொன்று அப்பாவின் கையில் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கீழே வைத்தார். வலது கை அடிவயிற்றைப் பிடித்தது.

"நோகுதோ?"

"இல்லை."

"அப்ப ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"மூண்டு கிழமையா வீட்டிலை குந்தியிருந்தனான். இஞ்சையும் வந்து குந்தோ? வேலை செய்யிற சனத்தைப் பாத்துக்கொண்டு என்னெண்டு பிள்ளை சாப்பிடுறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே மண்டபத்துக்குப் போனேன். நாலு இடத்திலும் அவருடைய பெயரை அழித்தேன். டஸ்டர் தேடக்கூடப் பொறுமை இல்லை, சட்டைக் கையால்.

8.00. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். ரொட்டிக்குக் கை நீட்டும்போது பலகை கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனார்.

மதியத்துக்கு நாமே காலை மேசையில் ரொட்டிக்குப் பூசித் தாளில் சுற்றிக்கொண்டு போவது இங்கத்தைய வழக்கம். அம்மா சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், நோர்வேயின் வடக்குக் கோடியில் இருக்கிற பாட்ஸ்பியோர்ட்டைப் பற்றிச் சொன்னார். அப்பா பத்தொன்பது வயதில் அங்கே மீன் தொழிற்சாலைக்கு வந்தது எனக்குத் தெரியும். காலையில் வாசலில் ஒரு லிஸ்ட் தொங்கும் என்பது தெரியாது. மீன் குறைந்த நாளில் லிஸ்டும் குறையும். பெயர் இல்லாதவன் பனிக்குள்ளால் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். அறையில் ஆறு பேர், ஒரே சட்டி.

"பேர் இல்லாத நாளிலை உவர் அந்தச் சட்டியிலை கை வைக்கமாட்டாராம். மற்றவங்கள் உழைச்சதெண்டு." அம்மா தாளை மடித்தார். "நீ கையாலை அழிச்சனியோ?"

"சட்டையாலை."

"நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அடி வாங்கியிருக்கலாம்.

அன்று முழுக்க அப்பா வேலி ஓரமாக நடந்தார். எனக்கு இரண்டு மணி நேரச் சவாரி. மலையை விட்டுவிட்டு அவருடைய நீலத் தொப்பி எங்கே என்றே தேடிக்கொண்டிருந்தேன். குதிரையே என்னில் அலுத்துப்போய் நின்று புல் மேய்ந்தது. மதியமும் அப்பா பண்ணைச் சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா அறையில் குக்கரைப் போட்டார். இஞ்சாருங்கோ, இது எங்கடை அரிசி, சாப்பிடுங்கோ என்றார். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். ஐந்து கிலோவைப் பற்றி நான் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

மாலை 5.00. காரியிடம் போய் ஒப்பரேஷன், லிஸ்ட், சட்டைக் கை எல்லாவற்றையும் கொட்டினேன். காரி சிரிக்கவில்லை. தொழுவத்தின் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஃப்ரேயா என்ற பெண் குதிரை, முன்னங்காலில் நரம்பு இழுத்துப்போய்க் கட்டுப்போட்டு நின்றது. ஆறு கிழமைக்கு அசையக் கூடாதென்று மிருக வைத்தியர் உத்தரவு. தனியே விட்டால் கதவை உதைக்கும், கால் இன்னும் கெடும். யாராவது பக்கத்தில் இருந்தால் பேசாமல் நிற்கும். காரியின் மகள் இரண்டு மணி நேரம் இருக்கிறாள், மிச்ச நேரத்துக்கு ஆளில்லை. இதுவும் சீக்மெல்டிங்கில்தான் நிற்கிறது என்றார் காரி.

அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அழித்தவளே எழுதட்டும் என்று சோக்கட்டியைக் கையில் தந்தார். ஐந்தாவது வேலையாக எழுதினேன்: ஃப்ரேயாவோடு இருத்தல், ஏழு முதல் மூன்று வரை, தூக்குதல் இல்லை. கீழே, கட்டை எழுத்தில், SIVA.

ஞாயிறு, காலை 6.40. அப்பா பலகைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் எழுத்து அவருக்குத் தெரியும்.

"இது உண்மையான வேலையோ, எனக்காகச் செய்ததோ?"

"போய்ப் பாருங்கோ. கதவை உதைக்கிற சத்தம் கேக்குதெல்லோ."

கேட்டது. மணிக்கூட்டைப் பார்த்தார். சமையலறையில் காரியிடம் கேட்டு இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு முட்டையும் மேசையில் இருந்து சாப்பிட்டார். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனார்.

பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். உதை நின்றிருந்தது. அப்பா முக்காலியில் இருந்தார், குதிரையின் மூக்கு அவருடைய தொப்பிக்கு மேலே.

"உனக்கும் ஆறு கிழமையோ? எனக்கு இன்னும் மூண்டு கிடக்கு. குழப்படி செய்யாதை, திரும்ப வெட்டுவாங்கள்."

சத்தம் போடாமல் திரும்பினேன். பன்னிரண்டுக்கு அம்மா ரொட்டிக்குள் பொரித்த மீனும் சம்பலும் வைத்துத் தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று மணி வரை அப்பா எழும்பவில்லை.

திங்கள், காலை 11.00. புறப்பாடு. அப்பா பலகைக்குப் போய், நாளைக்கு ஃப்ரேயாவோடு யார் என்று காரியிடம் கேட்டார். கிழமை நாளில் விருந்தாளிகள் குறைவு, மகள் முழு நாளும் இருப்பாள் என்றார் காரி. அப்பா தன் பெயரை டஸ்டரால் துடைத்தார். காரி மகளின் பெயரை எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகுதான் காருக்கு வந்தார்.

சாமான் முழுவதையும் நான் ஏற்றினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே என்று களஞ்சிய மேற்பார்வையாளர் மாதிரிக் கட்டளை போட்டார். குனியவில்லை. மிச்சம் மூன்றரைக் கிலோ அரிசி.

செவ்வாய், காலை 7.05. நான் துரொண்ட்ஹெய்முக்குத் திரும்பிவிட்டேன். நல்ல நித்திரையில் போன் அடித்தது.

"பிள்ளை, அந்தக் குதிரையோடை இண்டைக்கு மகள் வந்திட்டாளோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

காரிக்கு எடுத்துக் கேட்டுச் சொன்னேன். வந்துவிட்டாள், முக்காலியில் இருக்கிறாள்.

"சரி" என்றார். வைப்பாரென்று பார்த்தேன், வைக்கவில்லை. பின்னால் ட்வெய்ட்டா சுரங்க ரயில் போகும் சத்தம் கேட்டது. பல்கனிக் கதிரையில் இருக்கிறார் போல.

"நானும் இருக்கிறன்" என்றார்.