இரண்டாம் ஓலைக்குக் காத்திருந்தவர்

தங்கச்சிமடத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் யாக்கோபுவுக்கு, எதையும் மூன்று தடவை கேட்டால்தான் கேட்டதாக அர்த்தம். டீக்கடையில் "டீ வேணுமா?" என்றால் வாய் திறக்கமாட்டார். மறுபடி கேட்டால் தாடையைச் சொறிவார். மூன்றாவது தடவை கேட்க டீக்கடைக்காரருக்கு வேறு வேலை இல்லையா என்ன? இதனாலேயே மனிதர் பல நாள் வறண்ட தொண்டையோடு வீடு திரும்பியிருக்கிறார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய அய்யா மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். ஊரில் கலியாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று. முதல் ஓலையிலேயே எழுந்து தடை சொல்கிறவனை ஊர் அவசரக்குடுக்கை என்னும். மூன்றாம் ஓலைக்குள் சொன்னால் போதும். அந்தக் கோயில் தரையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை வேறெப்படி இருக்கும்? லீமாரோஸைப் பெண் கேட்டபோது அவள் இரண்டு தடவை மாட்டேன் என்றாள். இவர் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த லீமாரோஸ்தான் ஒருநாள், படகுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளும் எஞ்சின் விசிறியில் சுற்றிய கடல்புல்லை அவர் அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொன்னாள்:

"கோழியவே பஞ்சாரம் போட்டுக் கவுத்து வக்கிறோம். இந்த விசிறிய அப்பிடிக் கவுத்தா என்னவாம்?"

சொல்லிவிட்டு மீனுக்கு உப்பு வைக்கப் போய்விட்டாள். யாக்கோபு போகவில்லை. கம்பிகளைச் சாய்வாக வளைத்து இரும்பில் கூடைபோல ஒரு பஞ்சாரம் செய்து விசிறிக்கு மாட்டினார். புல் வழுக்கிக்கொண்டு போனது. லீமாரோஸின் அண்ணன் படகு நிற்காமல் ஓடியது. இராமநாதபுரத்து வக்கீல் ஒருவர் இதற்குப் பேட்டண்ட் கேட்கலாம், கிடைத்தால் சம்மதமில்லாமல் வேறு யாரும் இதைச் செய்ய முடியாது என்றார். கல்கத்தா பேட்டண்ட் ஆபீசுக்கு மனு போயிற்று. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் யாக்கோபு எழுதச் சொன்ன பெயர் லீமாரோஸ். அவளிடம் மட்டும், "மீனவர் சங்கத்துக் காகிதம், ஒரு கையெழுத்துப் போடு புள்ள" என்றார். முத்திரை வைத்த தாள் வந்ததும் நீட்டி அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை.

தாள் வருமுன் கமிட்டி வந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், எஞ்சின் படகுகளுக்கெல்லாம் ஒரே மாதிரிச் சாமான், ஒரே அளவு என்று முடிவுசெய்யக் கூட்டிய கமிட்டி. வலைக்கொட்டகையில் கூட்டம். தலைவர் முத்துராமலிங்கம் என்ற பொறியாளர். புதுமடத்தில் இரண்டு படகு வைத்திருந்த சித்தி ஜுனைதா என்ற பெண்மணியும், யாக்கோபுவும், இன்னும் சில படகுக்காரர்களும் உறுப்பினர்கள்.

முதல் கூட்டத்தில் தலைவர் எழுந்து, "இங்கே பேசப்போகும் சாமான் எதற்காவது உங்களில் யாருக்காவது பேட்டண்ட் உண்டா? மனு போட்டிருக்கிறீர்களா? போட்டவர் யாரையாவது தெரியுமா? தெரிந்தால் சொல்லிவிட வேண்டும்" என்று வாசித்தார்.

யாக்கோபுவின் முகம் மலர்ந்தது. ஓலை! அய்யா குரலேதான். முதல் ஓலைக்கே எழுந்திருக்க அவர் என்ன அவசரக்குடுக்கையா? கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் கூட்டத்தில் தலைவர் எதையும் வாசிக்கவில்லை. "விசிறிப் பஞ்சாரம். எல்லாப் படகுக்கும் கட்டாயம். சம்மதம்தானே?" என்றார். கைகள் எழுந்தன. எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

யாக்கோபு எழுந்தார்.

"ஐயா, ரெண்டாம் ஓலை இன்னும் வாசிக்கலையே?"

"என்ன ஓலை?"

பஞ்சாரத்துக்கு லீமாரோஸ் பேரில் மனு போன விஷயத்தைச் சொன்னார். கொட்டகை இரைந்தது.

"கட்டாயம்னு எழுதுற வரைக்கும் கமுக்கமா இருந்துட்டு, அப்பறம் எங்க கழுத்துல கத்தி வைக்கவா?" என்றார் ஒரு படகுக்காரர். யாக்கோபு கையால் எஞ்சின் பார்த்துக்கொண்ட கூட்டம்தான் அது. ஒருவர்கூட அவரைக் கள்ளனாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள்.

"மூணு தடவ கேப்பீகன்னு நெனச்சேன் ஐயா" என்றார் யாக்கோபு.

சித்தி ஜுனைதா முக்காட்டைச் சரிசெய்தார். "அண்ணனுக்குக் கள்ளத்தனம் பண்ற மூளையெல்லாம் கெடையாது. ஏண்ணே, லீமா மச்சி பேருல மனுன்னீங்களே, மச்சிக்குத் தெரியுமா?"

யாக்கோபு தரையைப் பார்த்தார்.

"வெளங்கிரும்" என்றார் ஜுனைதா.

தலைவர் பேனாவை மூடச் சொன்னார். "எல்லாரும் தடையில்லாமல் செய்துகொள்ளலாம் என்று மனுதாரர் சம்மதித்தால் பஞ்சாரம் இருக்கும். இல்லையென்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம். அந்த அம்மாவைக் கூட்டிவாருங்கள்."

லீமாரோஸ் கொல்லையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். யாக்கோபு வந்து சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எம் பேரா? சங்கத்துக் காகிதமுன்னு சொல்லியா கையெழுத்து வாங்குனீங்க?"

"நீ சொன்ன ரோசனதானே. எம் பேரப் போட மனசு வரல. தாளு வந்ததும் காட்டலாமுன்னு..."

"நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

"நான் சும்மா கேக்கலையே புள்ள."

அவள் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க உப்பு. அப்படியே நடந்தாள், முந்தானையை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டு.

கொட்டகையில் தலைவர் விளக்க ஆரம்பித்தார். அவள் மறித்தாள்.

"எங்கிட்ட இவுக கேக்கட்டும். எங்கிட்டக் கேக்காம கையெழுத்து வாங்குனவுக இவுகதானே."

யாக்கோபு அத்தனை பேர் நடுவில் நின்று கேட்டார். "எல்லாரும் பஞ்சாரத்த மாட்டிக்கிறட்டுமா லீமா?"

அவள் கூரையைப் பார்த்தாள்.

ஜுனைதா வாயைப் பொத்திக்கொண்டார். யாக்கோபு இன்னொரு தடவை கேட்டார். லீமாரோஸ் கையிலிருந்த உப்பைத் தட்டினாள். மூன்றாம் தடவையும் அவர் கேட்டார்.

"மாட்டிக்கிறட்டும்" என்றாள். "எங்கண்ணன் படகுக்கு ஒண்ணு, ஊரு படகுக்கு ஒண்ணா? கடல்புல்லு ஆளு பார்த்தா சுத்துது? ஆனா பஞ்சாரமுன்னே எழுதணும். வேற பேரு வச்சா ஒத்துக்கமாட்டேன்."

பஞ்சாரம் என்றே எழுதினார்கள். கீழே லீமாரோஸ் கையெழுத்துப் போட்டாள். கத்தி என்று கத்திய படகுக்காரர் வந்து, "எஞ்சின் ஒரு மாதிரி இருமுது, நாளைக்கிப் பாக்கணும்ணே" என்றார். அந்த ஊரில் அதற்கு மன்னிப்பு என்று அர்த்தம்.

இருவரும் வெளியே வந்தார்கள். டீக்கடை வந்ததும் லீமாரோஸ் நின்றாள்.

"டீ வேணுமா?"

"வேணும், வேணும்" என்றார் யாக்கோபு.